சரக்கின் பெயர் என்ன?

கேள்வியை என் வார்த்தையில் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் வேடிக்கையான அறிவியல் கதையில், கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் ஒரு லாரி பிடிபடுகிறது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு பொடி. தொட்டவர் வாயில் அடுத்த அரை மணி நேரத்துக்குப் பொய் வராது. அதற்கு ‘ஸைந்தோரியம்’ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். படித்துப் பார்த்த நண்பர்கள் நாலு பேரும் கதை நன்றாக இருக்கிறது என்றார்களாம். ஆனால் அந்தப் பெயர் வந்த இடத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. இல்லாத பொருளுக்குச் சிரிப்பு வரும்படி பெயர் உண்டாக்க ஏதாவது முறை உண்டா, தமிழில் வைப்பதா, ஆங்கில வாடையோடு வைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு என்னவோ உங்கள் குறை வேறு என்று படுகிறது. பெயர் நிஜம் மாதிரியே இருக்கிறது, பிறகு ஏன் செத்துக் கிடக்கிறது என்பதுதான் நீங்கள் கேட்க வந்தது.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறைப் பக்கத்தில் 31 வருடம் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். ஓய்வு பெறுவதற்கு முன்பும் பின்புமாகச் சிறுபத்திரிகைகளில் பத்துப் பன்னிரண்டு வேடிக்கைக் கதைகள் எழுதியிருக்கிறேன். ஆகவே வேதியியல் பற்றி நான் சொல்வதை முழு விலைக்கு எடுத்துக்கொள்ளலாம். சிரிப்பைப் பற்றிச் சொல்வதைப் பாதி விலைக்கு வாங்கினால் போதும்.

ஸைந்தோரியத்தின் கோளாறு அதன் சத்தத்தில் இல்லை. அந்தப் பெயரை யாருமே வைக்கவில்லை, அதுதான் கோளாறு. கதைக்குள் இருக்கும் ஒருவர் வாயிலிருந்தும் அது வரவில்லை. உங்கள் மேசையிலிருந்து நேரே போய் லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. நிஜப் பொருள்களின் பெயர்களைக் கொஞ்சம் தோண்டினால் அடியில் யாராவது ஒருவர் வைவதோ, ஏமாறுவதோ, பீற்றிக்கொள்வதோ காதில் விழும். நிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் சுரங்கத் தொழிலாளிகளுக்குச் செம்புத்தாது போலவே சிவந்த ஒரு கல் கிடைத்துக்கொண்டிருந்தது. உருக்கினால் செம்பு வராது. நிக்கல் என்ற குட்டிச்சாத்தான் செம்பைத் திருடிவிட்டது என்று வைது, அந்தக் கல்லைக் ‘குப்பர்நிக்கல்’ என்றார்கள். குப்பர் என்றால் செம்பு. ஸ்வீடன்காரர் க்ரோன்ஸ்டெட் 1751இல் அந்த வகைத் தாதுவிலிருந்து ஒரு புது உலோகத்தைப் பிரித்தார். பெயர் வைக்கும்போது முன்னால் இருந்த செம்பை வெட்டிப் போட்டுவிட்டுக் குட்டிச்சாத்தானை மட்டும் வைத்துக்கொண்டார். கோபால்ட்டும் இதே கதைதான், அது கோபோல்ட் என்ற இன்னொரு சாத்தான். அந்தக் கல் எங்கள் ஊரில் கிடைத்திருந்தால் ‘எளவு’ என்று பெயர் விழுந்திருக்கும். இன்றைக்குப் பிளஸ் டூ பிள்ளைகள் எளவின் இணைதிறன் என்ன என்று உருப்போட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஹீலியத்தின் பெயரில் இருப்பது ஏமாற்றம்கூட இல்லை, சுத்தத் தப்பு. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அதைப் பார்ப்பதற்காகவே பிரான்சிலிருந்து வானியலாளர் ஜான்ஸென் ஆந்திராவின் குண்டூருக்கு வந்திருந்தார். சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்ததில் ஒரு மஞ்சள் கோடு. அதே வருடம் இங்கிலாந்தில் லாக்யரும் அதைப் பார்த்து, பூமியில் அறியப்படாத ஏதோ ஒரு தனிமம் என்று முடிவுகட்டினார். உலோகமாகத்தான் இருக்கும் என்று நினைத்ததால் சூரியனின் கிரேக்கப் பெயரோடு உலோகத்துக்கு உரிய ‘இயம்’ விகுதியைச் சேர்த்து ஹீலியம் என்றார்கள். 1895இல் ராம்சே அதைப் பூமியிலேயே ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து பிடித்தபோது பார்த்தால், அது வாயு. நியான், ஆர்கான், கிரிப்டான் என்று அதன் பங்காளிகள் எல்லாம் ‘ஆன்’ என்று முடிய, இது மட்டும் உலோகத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. தப்பு என்று எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் மாற்றவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஸெனோடைம் என்ற தாதுவின் கதை. பெர்ஸீலியஸ் பெரிய வேதியியலாளர். 1815இல் ஒரு தாதுவில் புதுத் தனிமம் கண்டுவிட்டதாக நினைத்து, இடிக்கடவுள் தோரின் பெயரில் தோரியம் என்று அறிவித்தார். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் அது ஏற்கெனவே தெரிந்த யிட்ரியத்தின் வெறும் பாஸ்பேட். 1832இல் பியூடான் என்ற பிரெஞ்சுக்காரர் இதைக் குத்திக்காட்டுவதற்காகவே அந்தத் தாதுவுக்குக் ‘கெனோடைம்’ என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் வெற்றுப் பெருமை என்று அர்த்தம். ஒரு மனிதரின் அவசரத்தைக் கல்லில் பொறித்து வைக்கும் அளவு வன்மம். ஆனால் அச்சில் ‘கெனோ’ எப்படியோ ‘ஸெனோ’ ஆகிவிட்டது. வெற்று என்பது போய் அந்நியம் என்று அர்த்தம் மாறிவிட்டது. இன்றைக்கு உலகம் முழுவதும் அச்சுப்பிழையைத்தான் தாதுவின் பெயராகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வைத வசவும் போய்ச் சேரவில்லை. பெர்ஸீலியஸும் சும்மா இருக்கவில்லை. கைவசம் மிச்சம் இருந்த தோரியம் என்ற பெயரை வீணாக்காமல், 1829இல் நார்வேயிலிருந்து வந்த வேறொரு கல்லில் நிஜமாகவே ஒரு தனிமத்தைக் கண்டு அதற்குச் சூட்டிவிட்டார். எங்கள் மணவாளக்குறிச்சிக் கருமணலில் இருக்கிறதே, அந்தத் தோரியம் இதுதான். முதல் பிள்ளைக்கு வாங்கிய தொட்டிலில் இரண்டாவது பிள்ளை.

புதிய தனிமங்களுக்குப் பெயர் முடிவாகும் வரை ஒட்டுப்போடும் தற்காலிகப் பெயர்களையும் பாருங்கள். 118ஆம் தனிமத்துக்கு 2016 வரை ‘அன்அன்ஆக்டியம்’ என்று பெயர் இருந்தது. ஒன்று, ஒன்று, எட்டு, கடைசியில் இயம். நம் மொழியில் சொன்னால் ஒன்றொன்றெட்டியம். ரேஷன் கார்டு எண்ணைப் பிள்ளைக்குப் பெயராக வைத்த மாதிரி. சர்வதேச வேதியியல் சங்கம் சிரிக்காமல் இதைச் செய்கிறது, நமக்குச் சிரிப்பு வருகிறது.

ஆகவே நான் உங்களிடம் முதலில் கேட்பது, அந்தப் பொடிக்குப் பெயர் வைத்தது யார்? டிரைவரா, ஏட்டையாவா, பரிசோதனைக்கூடத்து அம்மாவா, டீக்கடைக்காரரா? அதைத் தீர்மானித்துவிட்டால் தமிழா ஆங்கிலமா என்ற கேள்வி தானாகவே தீர்ந்துவிடும். டிரைவர் வைத்தால் ஒரு மாதிரி, ஆய்வாளர் வைத்தால் ஒரு மாதிரி. அவர்களுக்கு அந்தப் பொருளோடு என்ன தகராறு என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இடம் விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். எல்லையோர ஊர்களில் பொருள் ஒன்று, பெயர் இரண்டு. சில சமயம் பெயர் ஒன்று, பொருள் இரண்டு. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்தவர்கள், அந்தப் பேச்சு இன்னும் நாக்கில் இருக்கிறது. எங்கள் வீட்டில் தாகத்துக்குக் குடிப்பது வெள்ளம். திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்த என் மைனி, வந்த மறுநாள் மாமியார் ‘கொஞ்சம் வெள்ளம் கொண்டு வா’ என்றதும் முழித்துக்கொண்டு நின்றது இன்னும் வீட்டில் பேச்சு. எல்லை தாண்டிப் பாறசாலைக் கடையில் சர்க்கரை கேட்டால் வெல்லத்தை எடுத்து வைப்பார்கள். வெள்ளைச் சீனி வேண்டுமென்றால் பஞ்சசாரை என்று கேட்க வேண்டும். சிரிக்க வேண்டாம், நாமும் சர்க்கரைப் பொங்கலில் வெல்லத்தைத்தானே போடுகிறோம். ஆந்திர எல்லையில் சித்தூர்ப் பக்கம் போனால் அந்த வெல்லமே பெல்லம். மரச்சீனி என்று நாங்கள் சொல்வது மரமும் இல்லை, சீனியும் இல்லை, கிழங்கு. சாதனம் என்றால் மதுரையில் கருவி, எங்களுக்கும் மலையாளிகளுக்கும் எந்தப் பொருளும் சாதனம்தான். ஒரு பொருளுக்குப் பெயர் தெரியாதபோது எங்கள் ஊர்க்காரர் கையில் இருக்கும் முதல் சொல்லே இது. கதையில் அந்தப் பொடியை முதல் இரண்டு பக்கத்துக்கு ‘அந்த சாதனம்’ என்றே நடத்தலாம்.

இன்னொரு சுரங்கம் நாட்டு மருந்துக் கடை. ஒரு தடவை போய் அரை மணி நேரம் ஓரமாக நின்று கேளுங்கள். வீரம் என்று ஒரு சரக்கு உண்டு. வேதியியலில் மெர்க்குரிக் குளோரைடு, கொடிய நஞ்சு. அதன் சாதுவான தம்பி பூரம். அன்னபேதி, மயில்துத்தம், நவச்சாரம், மனோசிலை என்று நாடகப் பாத்திரங்கள் மாதிரி வரிசையாக நிற்கும். வீரத்தைப் பொட்டலம் கட்டித் தரக்கூடிய ஒரு மொழியில் எழுதிக்கொண்டு நீங்கள் ஸைந்தோரியத்துக்குப் போனீர்களே என்றுதான் எனக்கு வருத்தம். ரசம் என்ற ஒரு சொல்லையே பாருங்கள். இலையில் ஊற்றினால் ரசம், கண்ணாடிக்குப் பின்னால் பூசியிருந்தாலும் ரசம், தெர்மாமீட்டருக்குள் இருந்தாலும் ரசம்தான். ரசவாதி ஒருவர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் கதை பாதி முடிந்தது. சித்த மருத்துவத்தில் பாஷாணங்கள் 64 என்று கணக்கு. 32 பிறவிப் பாஷாணம், அதாவது இயற்கையாகக் கிடைப்பவை. 32 வைப்புப் பாஷாணம், மனிதர் செய்து வைப்பவை. செய்து வைப்பதற்கென்றே நம் முன்னோர் ஓர் அலமாரி ஒதுக்கியிருக்கிறார்கள். உங்கள் பொடி 65ஆவதாக அதில் உட்காரட்டும்.

பெரிய பெயரைச் சிறிய சொல்லாக மாற்றினாலே சில சமயம் போதும். ஃபார்மிக் அமிலம் இருக்கிறது. 1671இல் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் எறும்புகளைக் காய்ச்சி வடித்து அதை எடுத்தார். லத்தீனில் எறும்பு ஃபார்மிகா, அங்கிருந்து பெயர். எங்கள் மேற்குப் பகுதியில் ரப்பர் வெட்டுகிறவர்கள் பாலை எடுத்து வந்து டிஷ்ஷில் ஊற்றி, ஷீட்டாக உறைவதற்கு விடுவது இந்த அமிலத்தைத்தான். ஃபார்மிக் என்று ஒருவரும் சொல்வதில்லை, ‘ஆசிட்’. சிரட்டையில் காய்ந்து ஒட்டியிருப்பது ஒட்டுபால். ஒரு நாள் வகுப்பில், ‘உங்கள் அப்பா தினமும் காலையில் பாலில் எறும்புப் புளியை ஊற்றுகிறார்’ என்றேன். 31 வருடத்தில் கடைசி பெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தது அந்த ஒரு வரிக்குத்தான் என்று நினைக்கிறேன். அதில் கற்பனை ஒன்றுமில்லை, மொழிபெயர்ப்புதான்.

என் சொந்தத் தோல்வி ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு கதை எழுதினேன். கடனாக வாங்கினால் நாளுக்கு நாள் எடை கூடிக்கொண்டே போகும் ஓர் உலோகம். சொந்தக் காசுக்கு வாங்கினால் எடை கூடாது. அதற்கு ‘ருணோலைட்’ என்று பெயர் வைத்தேன். ருணம் என்றால் சமஸ்கிருதத்தில் கடன், கல்லுக்கு உரிய ‘ஐட்’ விகுதி, எல்லாம் கச்சிதம். கச்சிதம் என்பதை விளக்கக் கதைக்குள் அரைப் பத்தியும் எழுதியிருந்தேன். ஒரு பத்திரிகையில் வந்தது. யாரும் சிரித்ததாகத் தகவல் இல்லை. பிறகு ஒரு நாள் எங்கள் தோட்டத்தில் ரப்பர் வெட்ட வரும் அக்காவிடம் அந்தக் கதையை வாயால் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘டீச்சரே, இது கந்துவட்டியில்லா? அப்படியே பேரு போட வேண்டியதுதானே’ என்றார். அன்றைக்கு ராத்திரி ருணோலைட்டை அடித்துவிட்டுக் ‘கந்துகம்’ என்று எழுதினேன். கந்தகத்துக்கு ஓர் எழுத்துதான் வித்தியாசம். காதில் விழும்போது பாடப்புத்தகச் சொல் போலவே இருக்கிறது, அரை நொடி கழித்துத்தான் கந்துவட்டிக்காரர் எட்டிப் பார்க்கிறார். அதே கதையைப் பெயரை மட்டும் மாற்றிப் பள்ளி ஆண்டு விழாவில் வாசித்தேன், முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. எங்கள் தமிழாசிரியர் மட்டும், பழைய இலக்கியத்தில் கந்துகம் என்றால் பந்து, சிலப்பதிகாரத்தில் கந்துகவரியே இருக்கிறது என்று ஆட்சேபித்தார். கடன்காரன் காலில் உதைபடும் பந்து என்று வைத்துக்கொள்ளுங்கள் சார் என்றேன்.

அதிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரு கைப்பழக்கம், தெரிந்த பொருளின் பெயரிலிருந்து ஒரே ஓர் எழுத்து நகர்வது. இரண்டெழுத்து நகர்ந்தால் வாசகர் தேட வேண்டியிருக்கிறது. தேடிக் கண்டுபிடித்தபின் வருவது சிரிப்பு இல்லை, குறுக்கெழுத்துப் போட்டித் திருப்தி.

இன்னொன்று, பெயரை வேற்றுமை உருபுகளோடு ஓட்டிப் பார்ப்பது. சோடியம், கால்சியம் எல்லாம் லத்தீன் விகுதியோடு வந்தவை, ஆனாலும் ‘அம்’ என்று முடிவதால் மரம், குளம் போலவே தமிழுக்குள் குடியேறிவிட்டன. மரத்தை, குளத்தில் என்பது போல சோடியத்தை, கால்சியத்தில். ஒருவர் கோபத்தில், அவசரத்தில், அழுகையில் சொல்லும்போதும் நாக்கு தடுக்காது. வேடிக்கைக் கதையில் பொருளின் பெயர் முப்பது நாற்பது தடவை வரும், அதில் பாதி உருபோடுதான் வரும். கந்துகத்தை வாங்காதே, கந்துகத்தால் கெட்டேன், கந்துகத்துக்கு இறங்கும் பழக்கம் இல்லை. சத்தம் போட்டு வாசித்துப் பாருங்கள். உங்கள் ஸைந்தோரியம் இந்தத் தேர்வில் பாஸ் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது தோற்பது அடுத்த தேர்வில். கதையில் வரும் பாட்டி அதை எப்படிச் சொல்வாள்? ‘ஸை’ அவள் வாயில் நிற்காது. அவள் அதை என்னவாக மாற்றுவாள் என்பது உங்களுக்குத் தெரியவில்லை என்றால் பெயர் இன்னும் ஊருக்குள் வரவில்லை. வேதியியல் படித்த வாசகருக்காக ஒரு சின்ன எச்சரிக்கையும் உண்டு. ‘இயம்’ என்றால் உலோகம், ‘ஐட்’ என்றால் பெரும்பாலும் தாது, ‘ஆல்’ என்று முடிந்தால் ஆல்கஹால் வகை என்று அவர் மூக்கு தானாகவே வாசனை பிடிக்கும். பொடிக்கு ‘ஆல்’ போட்டால் அவர் புருவம் உயரும். வேண்டுமென்றே போட்டால் அதுவும் ஒரு சிரிப்புதான்.

சிரிப்பை எங்கே வைப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். 1948இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் தயோடிமோலின் என்ற பொருளைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை வடிவில் ஒரு கிண்டல் எழுதினார். தண்ணீர் ஊற்றுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அந்தப் பொருள் கரைந்துவிடும். அப்போது அவர் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவர். வாய்மொழித் தேர்வின் முடிவில் தேர்வாளர்களே தயோடிமோலின் பற்றி ஒரு கேள்வி போட்டார்கள். கவனித்தால் அந்தப் பெயரில் சிரிப்பு துளியும் இல்லை. ‘தயோ’ என்றால் கந்தகம், அது உள்ள எந்தச் சேர்மத்துக்கும் வைக்கக்கூடிய பெயர். பெயர் விறைப்பாக நிற்பதால்தான் பொருளின் கூத்து எடுபடுகிறது. என் கந்துகத்தில் இரண்டுமே வேடிக்கை என்று நீங்கள் மடக்கலாம். நியாயம்தான். ஆனால் பெயர் முதலில் தன்னைச் சாதாரணமாகக் காட்டிக்கொள்கிறது, அந்த அரை நொடி எனக்கு வேண்டும். பெயரும் குட்டிக்கரணம் போட்டு, பொருளும் குட்டிக்கரணம் போட்டால் பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். உங்கள் பொடியின் குணமே வலுவான வேடிக்கை. ஆகையால் பெயர் சோம்பலாக இருக்கட்டும்.

கிடைக்காத பொருள் என்றால் ஆங்கிலத்தில் ‘அன்ஆப்டெய்னியம்’ என்று பொறியாளர்கள் சொல்லிக்கொள்வார்கள், பலர் அதைத் தமிழ்க் கதைகளிலும் இறக்குகிறார்கள். குதிரைக்கொம்பு என்று ஒன்று நம்மிடம் இருக்கும்போது அது எதற்கு? ஆகாயத்தாமரை என்பதும் ஒரு காலத்தில் தர்க்க நூல்காரர்கள் இல்லாத பொருளுக்குக் காட்டிய உதாரணம். அதே பெயரை இன்று குளம் முழுவதும் அடைத்துக் கிடக்கும் ஒரு களைக்கு வைத்திருக்கிறோம். இல்லாத பொருளை அள்ளுவதற்குப் பஞ்சாயத்தில் டெண்டர் விடுகிறார்கள். கற்பனை செய்ய நமக்கு என்ன மிச்சம் வைத்திருக்கிறார்கள்?

இனி சந்தேகத்துக்கு உரியவை. பெயர்க்கதைகள் சுவையாக இருக்கின்றன என்பதற்காக எல்லாவற்றையும் நம்பக் கூடாது. காலியத்தை 1875இல் கண்டவர் லெகோக். பிரெஞ்சில் ‘ல கோக்’ என்றால் சேவல், லத்தீனில் சேவல் ‘காலஸ்’, மனிதர் தன் பெயரைத்தான் ஒளித்து வைத்தார் என்று ஒரு பேச்சு உண்டு. பிரான்சின் பழைய பெயரான காலியாவைத்தான் வைத்தேன் என்று அவரே மறுத்திருக்கிறார். கதை அழகானது, ஆதாரம் அவர் மறுப்பு மட்டும். இரட்டை மொழிச் சிலேடை விஷயத்திலும் எனக்கு உறுதி இல்லை. ‘வெள்ளம்’, ‘சாதனம்’ எங்கள் ஆட்களுக்கு எடுபடும். திருச்சி வாசகர் அதைத் தாண்டிப் போய்விடலாம். அடிக்குறிப்பு போட்டால் நிச்சயம் செத்துவிடும், அது மட்டும் தெரியும். ஆந்திர எல்லைப் பேச்சு எனக்குக் காது வழிதான் பழக்கம், அங்கே கதையை நகர்த்தினால் அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு ஆசை எனக்கே வந்து, வேண்டாம் என்று விட்டதையும் சொல்ல வேண்டும். கருமணலில் தோரியம் இருப்பது மோனசைட் என்ற தாதுவில். கிரேக்கத்தில் தனித்திருத்தல் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். தமிழில் மோனம் என்றால் மௌனம். சத்தத்தை விழுங்கும் மணல் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா? அது இங்கே இருப்பது தெரிந்த விதமும் கதைக்கு ஏற்றது. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பெர்க் என்ற வேதியியலாளர் கவனித்து, 1909இல் தேடிக்கொண்டு இங்கே வந்தார். கேஸ் விளக்கில் ஒளிவிடும் வலையான மேண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம். கயிற்றுக்கு விலை வாங்கினோம், மணலை ஓசியில் அனுப்பிக்கொண்டிருந்தோம். ஆனால் அந்தக் கரையில் இயற்கையாகவே கதிர்வீச்சு கூடுதல், மணல் எடுப்பது பற்றி மீனவ ஊர்களில் நிஜமான அச்சமும் சண்டையும் இருக்கிறது. என் மாணவர்களில் பலர் அங்கிருந்து வந்தவர்கள். அவர்கள் வீட்டு முற்றத்து மண்ணை வைத்து நான் வேடிக்கை செய்ய முடியவில்லை. நீங்கள் செய்தால் தப்பு என்று சொல்ல மாட்டேன், நிஜப் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள்.

உங்கள் லாரிக்கு வருகிறேன். முதலில் ஒரு திருத்தம். வணிகவரிச் சோதனைச் சாவடிகளை 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு எடுத்துவிட்டார்கள். ஆகவே அதைப் போலீஸ் சாவடியாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஏட்டையா லாரியில் ஏறிப் பொடியைத் தொட்டுப் பார்க்கிறார். இறங்கி வந்து படிவத்தை நிரப்புகிறார். ‘சரக்கின் பெயர்’ என்று ஒரு கட்டம். வேறு எந்த நாளாக இருந்தாலும் சுண்ணாம்பு என்றோ சிமெண்ட் என்றோ எழுதிக் கட்டத்தை மூடியிருப்பார். இன்றைக்குப் பொய் வராது. ‘தெரியாது’ என்று எழுதுகிறார்.

அவ்வளவுதான், பெயர் வைத்தாயிற்று. மாதிரி எடுத்து அனுப்பும் பொட்டலத்தில் ‘தெரியாது, 2 கிலோ’ என்று சீட்டு ஒட்டப்படும். பரிசோதனைக்கூடத்தில் அதற்கு அறிவியல் மரியாதை செய்து ‘தெரியாதைட்’ என்று அறிக்கை வரும். உலோகம் கலந்திருப்பது தெரிந்ததும் நாளிதழ் ‘தெரியாதியம்’ என்று போடும். தெரியாதியத்தை, தெரியாதியத்தால், தெரியாதியத்துக்கு, உருபு நன்றாகவே ஓடுகிறது. எல்லைக்கு அந்தப் பக்கத்துப் போலீஸ் போனில் பெயரைக் கேட்டு ‘அறியில்லா’ என்று எழுதிக்கொள்ள, ஒரே லாரியில் இரண்டு சரக்கு இருப்பதாக இரண்டு வழக்கு பதிவாகும். சரக்கு எந்த வகை என்று காட்டும் ஹெச்எஸ்என் எண் கேட்டால் 28ஆம் அத்தியாயத்தில் கனிம வேதிப்பொருள்கள், 38ஆம் அத்தியாயத்தில் பலவகை வேதிப்பொருள்கள், இரண்டிலும் கடைசியில் ‘மற்றவை’ என்று ஓர் இடம் உண்டு. எதில் சேர்ப்பது என்று இரண்டு அதிகாரிகள் சண்டை போடலாம், இருவரும் பொடியைத் தொட்டிருந்தால் இன்னும் நல்லது. கங்காரு என்றால் ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியில் ‘தெரியாது’ என்று அர்த்தம், வெள்ளைக்காரர் அதையே பெயராக எழுதிக்கொண்டார் என்று ஒரு பழங்கதை சுற்றுகிறது, அதிலிருந்து திருடியது என்று யாராவது வருவார்கள். அந்தக் கதை பொய். குகு யிமிதிர் மொழியில் அது ஒரு வகைக் கங்காருவின் சொந்தப் பெயர்தான். உங்கள் ஏட்டையாதான் நிஜமாகவே தெரியாது என்று எழுதிய முதல் ஆள் என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஸைந்தோரியத்தைத் தூக்கிப் போட மனசு வராவிட்டால் அதை லாரியோடு வரும் சரக்குச் சீட்டான இ-வே பில்லில் முதலாளி எழுதிய பொய்ப் பெயராக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அது அச்சு அசலாகப் பொருந்தும். டீக்கடைக்காரர் கையில் அந்தப் பொடி படும் காட்சி உங்கள் குறிப்பில் இருந்தது, அதையும் விட்டுவிடாதீர்கள். காலையில் பாலில் எவ்வளவு வெள்ளம் சேர்த்தார் என்று அவர் கூடியிருப்பவர்களிடம் சொல்லும்போது, தண்ணீர் என்று மாற்றாமல் வெள்ளம் என்றே எழுதுங்கள்.